சிங்கிப் பார்

சிங்கி இறாலுக்கு விலையே அதன் மீசையில்தான் இருக்கிறது. மீசை ஒடிந்ததையும் கால் கழன்றதையும் வியாபாரி தனியாக ஒதுக்கிவிடுவார். அவை உயிரோடு விமானம் ஏறாது. வலையில் மாட்டுகிற சிங்கி பாதிக்குப் பாதி அப்படித்தான் வந்து சேரும். அதனால் தூத்துக்குடி திரேஸ்புரத்தில், கடலடியில் முங்கி, கல்லுக்குள் கைவிட்டு, மீசை குலையாமல் சிங்கியைப் பிடித்துவரத் தெரிந்த குளியாளிக்கு எப்போதும் ஒரு மவுசு உண்டு. அந்த மவுசு பல வருஷம் இஞ்ஞாசிக்கு இருந்தது. இஞ்ஞாசி என்ற பெயரில் ஊரில் இன்னும் சிலர் இருந்தார்கள். சிங்கி இஞ்ஞாசி என்றால் அவன் ஒருவன்தான்.

கல்லிடுக்கில் சிங்கி முகத்தை வெளியே வைத்து மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நேரே கையை நீட்டினால் ஒரே உதறலில் பின்வாங்கி, முதுகு முள்ளை மேல்கல்லில் முட்டுக்கொடுத்து நின்றுவிடும். அப்புறம் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். இஞ்ஞாசி இடதுகை விரலைச் சற்றுத் தள்ளி வைத்து மெல்ல அசைப்பான். சிங்கி அதையே கவனித்துக்கொண்டிருக்க, வலதுகை மேலிருந்து இறங்கிக் கொம்புக்கு அடியில் பிடித்துவிடும். பொந்துக்குள் சில நேரம் அஞ்சாலை கிடக்கும். பாம்பு மாதிரி நீண்டு, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிற மீன். அது கடித்து அவன் கட்டைவிரல் நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது.

சளியோடு முங்கிய ஒரு நாளில் அவனுடைய வலது காதுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதோடு மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போயிற்று. மேலே வருவதாக நினைத்து மண்ணில் போய் முட்டினான். படகிலிருந்தவர்கள் கயிற்றில் இழுத்துப் போட்டார்கள். சவ்வு கிழிந்துவிட்டது, மறுபடி முங்கினால் காதுக்குள் தண்ணீர் ஏறித் தலைசுற்றும், அங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று காது டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் குளிக்கும்போதுகூட இஞ்ஞாசி எண்ணெய் தொட்ட பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டான்.

சொந்தப் படகு இருந்தது. அடியில் முங்குகிறவனுக்குக் குழாய் வழியாகக் காற்று அனுப்புகிற கம்ப்ரசரும் இருந்தது. இஞ்சினையும் கம்ப்ரசரையும் பார்த்துக்கொள்ள அற்புதமணி இருந்தார். சாயர்புரத்துப் பக்கம் பம்புசெட் மெக்கானிக்காக இருந்து கடலுக்கு வந்தவர் அவர். நீந்தக்கூடத் தெரியாது, அதிகம் பேசவும் மாட்டார். முங்கத்தான் ஆள் இல்லை. இஞ்ஞாசியின் மனைவி ஷெர்லி, புன்னைக்காயலிலிருந்து தன் தம்பியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றாள்.

தம்பி பெயர் கிளைட்டன். அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ஷெர்லிதான். வந்தபோது இருபத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, அகலமான நெஞ்சு. சங்கு எடுத்துப் பழக்கம் உண்டு, சிங்கி பிடித்ததில்லை. கையை எப்படி இறக்க வேண்டும் என்று இஞ்ஞாசி கரையில் ஒரு சட்டியைக் கவிழ்த்துவைத்துக் காட்டினான். கிளைட்டன் ஒரு தடவைதான் பார்த்தான். அந்த மாதமே இடுப்பில் கட்டுகிற மால் என்னும் வலைப்பை நிறையச் சிங்கியோடு மேலே வந்தான். ஒன்றுக்குக்கூட மீசை ஒடியவில்லை. இஞ்ஞாசி அவன் முதுகில் தட்டினான். அன்றைக்கு அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான்.

எது எப்போது மாறியது என்று சரியாகச் சொல்ல முடியாது. சாப்பாட்டில் தொடங்கியிருக்கலாம். ஊளி மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு எப்போதும் இஞ்ஞாசியின் தட்டில்தான் விழும். முங்குகிறவனுக்கு உடம்பில் பலம் வேண்டும் என்று ஷெர்லி சொல்வாள். ஒரு மத்தியானம் குசினியில் இருவருக்கும் சோறு போட்டவள், நடுத்துண்டைத் தம்பிக்கு வைத்துவிட்டு, வால் பக்கத்துத் துண்டைப் புருஷனுக்கு வைத்தாள். யோசித்துச் செய்ததில்லை. முங்குகிறவனுக்கு வைத்தாள், அவ்வளவுதான். இஞ்ஞாசி முள்ளைப் பிரித்துச் சாப்பிட்டான். ஆனால் அன்றிலிருந்து இலை போட்டாலும் தட்டு வைத்தாலும் அவன் கண் முதலில் கிளைட்டனின் சோற்றுக்குத்தான் போயிற்று.

பிறகு வியாபாரி. படகு கரையைத் தொட்டதும் முன்பெல்லாம் இஞ்ஞாசியிடம்தான் கடல் எப்படி, தண்ணீர் தெளிவா என்று கேட்பார். இப்போது அவனைத் தாண்டி எட்டிப் பார்த்து, கிளைட்டன் எங்கே என்றார். அப்புறம் டீக்கடையில் ஒருவன், யாரையோ பற்றிய பேச்சில், சிங்கி கிளைட்டன் என்றான். இஞ்ஞாசி பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். சொன்னவனுக்கு அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. இஞ்ஞாசி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

கடலடியில் கல் பரந்து கிடக்கிற இடத்தைப் பார் என்பார்கள். இஞ்ஞாசி தனக்குத் தெரிந்த பார்களையெல்லாம் மச்சினனுக்குக் காட்டியிருந்தான், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று, ஐந்து பாகம் ஆழத்தில் கிடந்தது. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அகலம். பல வருஷத்துக்கு முன்னால் நங்கூரம் சிக்கி, அதை எடுக்க முங்கியபோது அவன் கண்டுபிடித்தது. சுவர்போல் நிற்கிற கல்லில் அடுக்கடுக்காகப் பொந்துகள். அதை எந்தக் கருவியிலும் குறித்துவைக்கவில்லை. மாதா கோயில் கோபுரத்தையும் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டையும் துறைமுகத்து விளக்கையும் வைத்துக் கண்ணாலேயே போய்ச் சேருவான். முதலில் அதை ஒரு சேமிப்பு மாதிரித்தான் வைத்திருந்தான். மற்ற இடங்களில் சிங்கி குறைந்தால் காட்டலாம் என்று.

மற்ற இடங்களில் சிங்கி குறைந்தது. காட்ட வேண்டிய நேரம் வந்தபோது அவனுக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கம் போனான், ஆனால் நங்கூரத்தைச் சற்றுத் தள்ளிப் போட்டான். குழாய் முழுவதையும் விட்டாலும் கல்லுக்கு எட்டாத தூரம். கிளைட்டன் மண்ணிலும் சில்லறைக் கல்லிலும் தேடிவிட்டு, ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு மேலே வருவான். நீவாடு, அதாவது அடித்தண்ணீரின் ஓட்டம், அப்படி இழுக்கிறது, இங்கேதான் போட முடியும் என்பான் இஞ்ஞாசி. மேலே இருக்கிறவன் சொல்வதுதான் அடியில் இருக்கிறவனுக்கு வேதம். கிளைட்டன் நம்பினான்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். குழாயைப் பிடிப்பதில் இஞ்ஞாசி ஒரு நாளும் கவனம் தப்பவில்லை. கம்ப்ரசர் சத்தம் துளி மாறினாலும் அற்புதமணிக்கு முன்னால் அவன் தலை திரும்பும். குழாய் மடங்காமல், படகின் விளிம்பில் உரசாமல், வெயிலில் உள்ளங்கை தோலுரிய நின்று பிடித்திருப்பான். அடியில் கிடக்கிறவனுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வெறுங்கையோடு வரவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

அப்படி வெறுங்கையோடு வருகிற நாளில் கிளைட்டன்மேல் அவனுக்குப் பாசம் பெருகும். துவட்டிக்கொள்ளத் துண்டை எடுத்துக் கொடுப்பான். கடல் என்றால் அப்படித்தான், நாளைக்குத் தரும் என்று தேற்றுவான். கரைக்கு வந்ததும் புரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்து, அவன் சாப்பிடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பான். பை நிறைந்து வந்த நாளிலோ தலைவலி என்று போய்ப் படுத்துக்கொள்வான். ஷெர்லி இதைப் பார்த்தாள். தம்பி தோற்று வருகிற நாளில்கூட முகம் சுளிக்காத புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

ஆனால் வீடு ஓட வேண்டும். படகுக்கு டீசல், வீட்டுக்கு அரிசி, மகளுக்குப் பள்ளிக்கூடம். வருமானம் குறையக் குறைய ஷெர்லிக்குக் கோபம் தம்பி மேல் திரும்பியது. புருஷனைச் சொல்ல முடியாது. அவர் காதைக் கொடுத்தவர். தம்பி தன் வயிற்றில் பிறக்காத பிள்ளை, அவனைச் சொல்லலாம்.

“கடலுக்குள்ள போயி தூங்கிட்டு வாரியால?” என்றாள் ஒரு சாயந்தரம். “அத்தான் முங்குனப்ப இதே கடல்தான கெடந்திச்சு?”

கிளைட்டன் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். இஞ்ஞாசி எதிரே உட்கார்ந்திருந்தான். அத்தான் முங்கினப்ப என்று அவள் சொன்னது அவனுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அந்த இனிப்பு அடங்கிய பிறகு, அவளைச் சத்தம்போட வேண்டாம் என்று தடுத்தான்.

மறுநாள் வலைக்கூடத்துப் பக்கம் குழாயைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கிளைட்டன் பேச்செடுத்தான்.

“அத்தான், இங்கன உள்ள கல்லெல்லாம் வெறுங்கல்லாப் போச்சு. வெளிப்பாருக்குப் போவமா?”

“அங்க பன்னெண்டு பாகம் தண்ணி கெடக்கு.”

“எல்லாரும் போறாங்கல்லா.”

“போன எல்லாரும் நடந்து வரலல்லா.”

“நான் பாத்துக்கிடுதேன் அத்தான். எனக்கு அக்கா மொகத்தப் பாக்க முடியல.”

வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் வேண்டாம் என்றால், அப்புறம் எங்கே போவது என்று கிளைட்டன் கேட்பான். அதற்குப் பதிலாக ஐந்து பாகத்துப் பாரைக் கொடுக்க வேண்டும். இஞ்ஞாசி குழாயின் உப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில், ரொம்ப நேரம் கிடக்கக் கூடாது, நான் இழுத்தால் உடனே வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

பங்குனி மாதம், கடல் கண்ணாடியாகக் கிடந்தது. வெளிப்பாரில் சிங்கி இருந்தது. முதல் நாளே கிளைட்டன் கைக்கு அடங்காத பெரிய பச்சைச் சிங்கிகளோடு வந்தான். வியாபாரி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஷெர்லி தேங்காய் அரைத்து ஊற்றிக் கணவாய்க் குழம்பு வைத்தாள். இஞ்ஞாசிக்குத் தலைவலி வந்தது. சில நாள் இப்படியே போயிற்று. அடியில் இருக்கும் நேரத்தைக் கிளைட்டன் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனான்.

அந்த நாள், காலை வெயில் ஏறிவிட்டிருந்தது. இரண்டு தடவை முங்கி எழுந்தவன் மூன்றாம் தடவை இறங்கினான். வெகுநேரம் ஆயிற்று. இஞ்ஞாசி குழாயை இரண்டு இழுப்பு இழுத்தான். வா என்று அர்த்தம். அடியிலிருந்து ஒரு இழுப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். மறுபடி இழுத்தான். மறுபடி அதே பதில். படகை நடத்துகிற தண்டல்காரன் அப்போது கோபப்பட்டுக் கயிற்றோடு தூக்கியிருக்க வேண்டும். அடியில் சிங்கி குவிந்து கிடக்கிறது போலிருக்கிறது, அதுதான் வரமாட்டேன் என்கிறான் என்று இஞ்ஞாசிக்குத் தோன்றியது. தோன்றியதும் கை தளர்ந்தது. கொஞ்ச நேரம்தான். அதற்குள் கிளைட்டனே வந்துவிட்டான், நிற்க வேண்டிய இடங்களில் நிற்காமல், ஒரே மூச்சில்.

சிரித்துக்கொண்டுதான் வந்தான். பையைத் தூக்கிக் கொடுத்தான். படகில் ஏறி, பிளாஸ்கிலிருந்து அற்புதமணி ஊற்றிய டீயை வாங்கிப் பாதி குடித்தவன், காலைத் தட்டிப் பார்த்தான்.

“அத்தான், காலு மரத்துப் போன மாதிரி இருக்கு.”

எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. டீ டம்ளர் உருண்டது. இஞ்ஞாசி அவன் தொடையைக் கிள்ளினான். கிள்ளுகிறீர்களா என்று கேட்டான் கிளைட்டன். அவன் முகத்தில் அப்போதுதான் பயம் வந்தது.

குளியாளிகளுக்கு இது என்னவென்று தெரியும். ஆழத்தில் அதிக நேரம் கிடந்து சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் கொப்புளம் கட்டும். திரேஸ்புரத்தில் அப்படி இடுப்புக்குக் கீழே போனவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு.

அற்புதமணி இஞ்சினைக் கிளப்பிக்கொண்டே சொன்னார்: “கரைக்குப் போயி ஆசுபத்திரி சேர நேரமாவும். அதுக்குள்ள மரப்பு மேல ஏறிரும். ஒருக்கா தண்ணிக்குள்ள இறக்குனா கொப்புளம் சுருங்கும், பொறவு மெள்ள மெள்ளத் தூக்கணும்.”

“இங்க நீவாடு இழுக்கு. இந்த ஆழத்துக்கு நான் எறங்க முடியாது.”

“இங்கன வேண்டாம். போற வழியில அஞ்சு பாகத்துல, பிடிச்சுக்கிடக் கல்லோட ஒரு பாரு கெடக்குல்லா.”

இஞ்ஞாசி அவரை நிமிர்ந்து பார்த்தான். “எந்தப் பாரு?”

“உம்ம பாருதான். ஒரு வருசமாப் பக்கத்துல பக்கத்துல நங்கூரம் போட்டு, போகாம இருக்கோமே, அது.”

அவர் முகத்தில் குற்றம் சொல்கிற தோரணையே இல்லை. பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளைட்டன் படகின் முன்பக்கத்து அணியத்தில் கிடந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இஞ்சின் சத்தத்தில் அவன் காதில் அது விழுந்ததா என்று இஞ்ஞாசிக்குத் தெரியவில்லை. இஞ்ஞாசி தூரத்தில் தெரிந்த கோபுரத்தையும் புகைக்கூண்டையும் பார்த்துக் கையைக் காட்டினான். இந்தத் தடவை நங்கூரம் சரியாகக் கல்லின்மேல் விழுந்தது.

காதில் பஞ்சை அடைத்து, அதன்மேல் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அதெல்லாம் பிரயோசனப்படாது என்று அவனுக்கே தெரியும். ஒரே கயிற்றில் கிளைட்டனைத் தன் இடுப்போடு கட்டினான். கம்ப்ரசரிலிருந்து இரண்டு குழாய். இருவரும் வாயில் கவ்விக்கொண்டார்கள். அற்புதமணி சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றை விட்டார்.

இரண்டு பாகம் இறங்குவதற்குள் வலது காதுக்குள் ஊசி ஏற்றியது போல் தண்ணீர் புகுந்தது. உலகம் சுற்ற ஆரம்பித்தது. கண்ணுக்கு முன்னால் கடல் கவிழ்ந்து, படகு காலுக்குக் கீழே போயிற்று. இஞ்ஞாசி கால்களை உதைத்தான். எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியவில்லை. அப்போது ஒரு கை அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பியது. கிளைட்டன். தன் வாயிலிருந்து கிளம்புகிற குமிழியை விரலால் காட்டினான். குமிழி போகிற பக்கம்தான் மேல். பிறகு எதிர்ப்பக்கம் காட்டினான். அது கீழ். கிளைட்டனுக்குக் கால் இல்லை, தலை தெளிவாக இருந்தது. இஞ்ஞாசிக்குக் கால் இருந்தது, தலை இல்லை. அவன் காட்டக் காட்ட இவன் உதைத்தான். இப்படியே இறங்கிக் கல்லைப் பிடித்தார்கள்.

பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் வேலை. கல்லை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இஞ்ஞாசி கண்ணை மூடியிருந்தான். சுற்றல் கொஞ்சம் தணிந்தபின் திறந்தான்.

சுவர் முழுக்க மீசை. பொந்துக்குப் பொந்து, அடுக்குக்கு அடுக்கு, சிங்கிகள் வெளியே முகம் காட்டி உட்கார்ந்திருந்தன. அவன் முங்கிய காலத்தில் இருந்ததைவிடப் பெருகியிருந்தன. யாரும் தொடாமல் விட்டதில் சில முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தன. தண்ணீர் அசைகிறபோது அத்தனை மீசையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கமாகச் சாய்ந்தது.

கிளைட்டனும் பார்த்துக்கொண்டிருந்தான். கை எட்டுகிற தூரத்தில் ஒன்று இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. நெடுநேரம் சுவரைப் பார்த்துவிட்டு மேலே, தங்கள் குழாய் போகிற வழியைப் பார்த்தான். பிறகு, எந்தப் பக்கம் அவன் ஒரு வருஷமாக மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தானோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான். கடைசியாக இஞ்ஞாசியைப் பார்த்தான். கண்ணாடிக்குள் அவன் கண் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீருக்கு அடியில் ஒன்றும் பேச முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துபோகவும் முடியாது. ஒரே கயிற்றில் கட்டுண்டு, ஒருவர் மூச்சுக் குமிழி ஒருவர் முகத்தில் பட, அற்புதமணி மேலே இழுக்கிறவரை இருவரும் அங்கேயே கிடந்தார்கள்.

கரை சேரும்போது கிளைட்டனின் வலதுகால் விரல்கள் அசைந்தன. ஆஸ்பத்திரியில் பல நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கால்கள் வந்துவிட்டன. இடதுபாதம் மட்டும் தரையில் கொஞ்சம் இழுபட்டது.

தெரு முழுக்க இஞ்ஞாசியைப் பற்றித்தான் பேச்சு. கிழிந்த காதோடு மச்சினனுக்காகக் கடலில் இறங்கியவன். காதில் சீழ் வைத்து அவனும் ஊசி போட்டுக்கொண்டிருந்ததால், பேச்சு இன்னும் கூடியது. பங்குச்சாமி வீட்டுக்கே வந்து அவன் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஷெர்லி அவனைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கினாள். நடுத்துண்டு மறுபடி அவன் தட்டுக்கு வந்தது.

கிளைட்டன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களிடம், அத்தான் இல்லையென்றால் நான் இல்லை என்றான். அதுவும் உண்மைதான். அவன் அக்காளிடமாவது சொல்வான் என்று இஞ்ஞாசி காத்திருந்தான். ஏசியிருந்தால், கத்தியிருந்தால், நன்றாக இருந்திருக்கும். அவன் கட்டிலில் சும்மா படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதிலும் அவன்தான் பெரியவனாக நிற்கிறான் என்று இஞ்ஞாசிக்குத் தோன்றியது. சிங்கியைப் பிடித்ததில்கூட இவ்வளவு காந்தவில்லை. தன்னுடைய அசிங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காட்டிக்கொடுக்காமல் இருக்கிற அந்தப் பெருந்தன்மைதான் பொறுக்கவில்லை. கடைசியில் இஞ்ஞாசியை வாய் திறக்கவைத்ததும் அந்தக் காந்தல்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஷெர்லி குசினியில் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள். மத்தியான வெயில் வாசலில் அடித்தது. இஞ்ஞாசி நிலைப்படியில் நின்றான்.

“தம்பி வெளிப்பாருக்குப் போனது என்னாலதான்.”

“நீங்க என்ன செய்வியளாம்? அவன்லா கேட்டான்.”

“பக்கத்துலயே சிங்கி கெடந்திச்சு ஷெர்லி. எனக்குத் தெரியும். அவன அங்க முங்க விடாம நான்தான் நங்கூரத்தத் தள்ளித் தள்ளிப் போட்டேன்.”

அரிவாள்மணையில் அவள் கை நின்றது. “ஏன்?”

“அவன் எடுத்துட்டு வந்தா எனக்குப் பொறுக்கல.”

அவள் கையிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் அவன என்னெல்லாம் ஏசுனேன். நீங்க எதுத்தாப்புல இருந்துதான கேட்டுக்கிட்டிருந்திய.”

“ஆமா.”

“அவனுக்குத் தெரியுமா?”

“அன்னைக்கே பாத்துட்டான்.”

தம்பியும் தன்னிடம் மறைத்துவிட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அழவில்லை. மிச்ச மீனை அரிந்து, கழுவி, சட்டியில் போட்டாள். அடுப்பைப் பற்றவைத்த பிறகு, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்:

“சோறு நான் கொண்டு போகல. நீங்க கொண்டு போங்க. அவங்கிட்ட ஒங்க வாயால சொல்லுங்க. அவன் பாத்தது வேற, நீங்க சொல்லுதது வேற.”

தூக்குவாளியோடு இஞ்ஞாசி போனான். கிளைட்டன் சாப்பிட்டு முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

“மாப்ள, அந்தப் பார நான் வேணும்னுதான் ஒனக்குக் காட்டல. வயிறு காந்திச்சு எனக்கு.”

கிளைட்டன் கையைத் தட்டிலேயே கழுவினான். “பாரு போனாப் போவுது அத்தான். வெறுங்கையோட வந்த அன்னைக்கெல்லாம் புரோட்டா வாங்கித் தந்தியளே. பக்கத்துல இருந்து, இன்னும் ரெண்டு தின்னுன்னு சொல்லுவியளே. படுத்துக் கெடக்கையில எனக்கு அதுதான் மாத்தி மாத்தி வருது.”

கிளைட்டன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரேஸ்புரத்துக்கு வரவில்லை. நேரே புன்னைக்காயலுக்குப் போய்விட்டான்.

ஷெர்லி புருஷனோடு தேவைக்கு மட்டும் பேசினாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், மகளுக்குத் தலை சீவினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறித் தம்பியைப் பார்த்துவிட்டு வருவாள். அங்கே என்ன பேசினார்கள் என்று சொல்லமாட்டாள். ஆடியில் கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசியது. ஐப்பசியில் மழை பெய்து கடல் கலங்கியது. இஞ்ஞாசி அடுத்தவர் வள்ளத்தில் நண்டு வலைக்குக் கூலிக்குப் போனான். முங்கத் தெரிந்த இரண்டு பேர் அவனைத் தேடி வந்தார்கள். அவன் யாரையும் அந்தப் பாருக்குக் கொண்டுபோகவில்லை. செய்ததற்கு வருத்தமா, பழைய குணம்தானா என்று அவனுக்கே புரியவில்லை.

கிளைட்டன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நாள் முழுக்க நிற்க வேண்டும்; பாதம் வீங்கியது. மாசி மாதம், தண்ணீர் தெளிந்த பிறகு, ஒரு காலையில் இஞ்ஞாசி வலையைப் பிரித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றான். மெலிந்திருந்தான்.

“அஞ்சு பாகத்துக்கு மேல எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு,” என்றான். “தரையிலதான் கால் இழுக்கு. துடுப்பு மாட்டித் தண்ணிக்குள்ள போயிட்டா தெரியல. அஞ்சு பாகத்துல சிங்கி கெடக்க பாரு ஒங்க பாரு ஒண்ணுதான்.”

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. இஞ்ஞாசியும் கேட்கவில்லை. அற்புதமணிக்குச் சொல்லியனுப்பினான்.

மறுநாள் படகு நேரே போயிற்று. போகும்போதே இஞ்ஞாசி சத்தமாக அடையாளம் சொன்னான். மாதா கோயில் கோபுரம் எதற்கு நேராக வரவேண்டும், புகைக்கூண்டில் எது எதை மறைக்க வேண்டும், துறைமுகத்து விளக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும். அற்புதமணி இஞ்சினைக் குறைத்துக் கேட்டுக்கொண்டார். கிளைட்டன் ஒரு தடவை திருப்பிச் சொன்னான். இனி அது மூன்று பேருக்குத் தெரிந்த பார்.

கிளைட்டன் இறங்கினான். இஞ்ஞாசி குழாயைப் பிடித்தான். கடலில் காற்று அடங்கியிருந்தது; கம்ப்ரசர் ஒரே சீராக அடித்தது. அவன் வரச்சொல்லி இழுத்த உடனே கிளைட்டன் கயிற்றில் நின்று நின்று மேலே வந்தான். மால் பையைப் பிடித்துத் தூக்கியபோது இஞ்ஞாசிக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. பெட்டிக்குள் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தான். முழங்கை நீளத்துப் பெரியவனும் அதில் இருந்தான். வயிற்றில் முட்டையோடிருந்த இரண்டைக் கிளைட்டன் அடியிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான்.

அந்தப் பழைய காந்தல் வந்தது. ஒரு வருஷமாக இல்லாததால் செத்துவிட்டது என்றுதான் இஞ்ஞாசி நினைத்திருந்தான். அடிவயிற்றில் அதே இடத்தில், அதே சூட்டோடு வந்தது. என் பார், என் சிங்கி, அவன் கை. அவன் குனிந்து பெட்டியை மூடினான்.

கிளைட்டன் படகின் விளிம்பைப் பிடித்து மிதந்துகொண்டு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். “என்ன அத்தான், மொகம் ஒரு மாதிரிப் போவுது?”

வெயில், தலைவலி என்று சொல்ல வாய் வந்தது. இஞ்ஞாசி அவனைப் பார்த்தான்.

“வயிறு காந்துது மாப்ள.”

அற்புதமணி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கம்ப்ரசரைக் கவனித்தார். கிளைட்டன் வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பினான். சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை.

“காந்துனாக் காந்தட்டும். குழாய மட்டும் பாத்துப் பிடிங்க.”

“அத நான் என்னைக்கும் விட்டதில்ல.”

“தெரியும்,” என்றான் கிளைட்டன். கண்ணாடியை இறக்கினான், குழாயைக் கவ்விக்கொண்டான், தலைகீழாகத் தண்ணீருக்குள் போனான். அவன் இழுக்க இழுக்க, படகில் சுருண்டு கிடந்த குழாய் வளையம் வளையமாக அவிழ்ந்து இறங்கியது. இஞ்ஞாசி விளிம்பில் உரசாமல் அதைக் கையில் தாங்கி, விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தான்.